தண்ணி குடிச்ச டேங்க்

சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். மழைக்காலம்... ஆறரைக்கே நல்லா இருட்டிருச்சு. தேன்கனிக்கோட்டையத் தாண்டி காட்டோரமா போற ரோடு. பஸ் கிடையாது. லைட்டு கிடையாது. ஒரு பக்கம் கேழ்வரகுக் கொல்லை, இன்னொரு பக்கம் ஏரி. நடுவுல ஏரிக்கரை மேலயே ஒத்தை வண்டி போற அளவுக்கு ரோடு. அந்தக் கரை மேல ஒரு பழைய அம்பாசிடர் கார்... தானா நின்னுச்சு.

இருங்க, மொதல்லேர்ந்து சொல்றேன். யாருடி அது செல்லுல லைட்டு அடிக்கறது? அணைச்சு வை. கரண்டு வரப்ப வரட்டும். ஜன்னல் கிட்ட இருக்கறவ இந்தப் பக்கம் நகர்ந்துக்கோ.

இது நடந்தது நம்ம ரூம் மோகனப்ரியாவோட அக்காவுக்கு. ஜெயப்ரியான்னு பேரு. மோகனா இன்னைக்கு ஊருக்குப் போயிருக்கா, அதான் சொல்றேன். அவ இருந்தா இந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டா.

ஜெயப்ரியாவும் நம்மள மாதிரிதான். ஓசூர்ல கம்பெனி வேலை. ஆனா ஹாஸ்டல்ல இல்ல, தினம் வீட்டுலேர்ந்து வந்துட்டுப் போவா. கம்பெனி பஸ் கூட்ரோட்டுல இறக்கி விட்டுரும். அங்கேர்ந்து அவங்க ஊரு உள்ள. ஊரு பேரு வேணாம். அந்த ரோட்டுல ஆனை வரும். காட்டுலேர்ந்து இறங்கி ஏரியில தண்ணி குடிச்சுட்டு, கொல்லையில பூந்து கேழ்வரகைத் தின்னுட்டுப் போவும். பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் பைக்ல வந்தவர அந்த வருசம்தான் ஆனை தூக்கி அடிச்சுது.

அதுக்கப்புறம் ஜெயப்ரியா வீட்டுக்காரர் சென்றாயன் சொல்லிட்டாரு, இனிமே பைக் வேணாம்னு. தக்காளி போடற விவசாயி அவரு. புதுக்கார் வாங்கற வசதி எங்க? ஆனேக்கல் பக்கம் போய் இந்த அம்பாசிடரப் பிடிச்சுட்டு வந்தாரு. பெட்ரோல் வண்டி. வெள்ளை. பழசுதான், ஆனா தகடு நல்லா கனம். "ஆனையே தட்டினாலும் நசுங்காதுடி"ன்னு பொண்டாட்டிகிட்ட சொன்னாராம்.

வாங்கின மூணாம் நாளோ நாலாம் நாளோ, அவளக் கூட்டிட்டு வர கூட்ரோட்டுக்குப் போறாரு. தனியா. ஏரிக்கரை மேல ஏறினதும் எஞ்சின் ரெண்டு தடவை இருமுச்சு... நின்னுருச்சு.

சத்தமே இல்ல. தவளை கூட கத்தல. அப்ப பின்னாடி டிக்கிக்குக் கீழேர்ந்து ஒரு சத்தம் கேட்டுச்சாம். குடத்தை ஆத்துல அமுக்கினா தண்ணி உள்ள போறப்ப ஒரு சத்தம் வருமே... களக்... களக்... களக்... அந்த மாதிரி.

இறங்கிப் போய்ப் பார்த்தாரு. சத்தம் பெட்ரோல் டேங்க்லேர்ந்து. குனிஞ்சு மோந்து பார்த்தா பெட்ரோல் வாசனையே இல்ல. ஏரிப் பாசி வாசனை. கோடையில தண்ணி வத்தினா சேத்துலேர்ந்து வருமே, அந்தக் கவிச்சி.

கொஞ்ச நேரத்துல சத்தம் அடங்கிருச்சு. சாவியத் திருப்பினாரு, வண்டி கிளம்பிருச்சு. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டாரு.

அடுத்த வாரம் அவளும் கூட இருந்தா. அதே கரை. அதே இருமல். வண்டி நின்னதும் ஜெயப்ரியா பின்னாடி திரும்பிப் பார்த்தாளாம்.

"மாமா... பின்னாடி யாராச்சும் தண்ணி குடிக்கறாங்களா?"

"பின்னாடி யாரு இருக்கா? டேங்க்ல அடைப்புடி. நாளைக்கு ரத்தினவேல்கிட்ட விடறேன்."

ரத்தினவேல் மெக்கானிக். பாகலூர் ரோட்டுல ஷெட்டு வெச்சிருக்காரு. சென்றாயனோட ஸ்கூல்ல படிச்சவரு. அவரு பார்த்துட்டு, "ஃப்யூவல் பம்ப் போயிருச்சுடா"ன்னாரு. பம்ப் மாத்தினாங்க. ஃபில்டர் மாத்தினாங்க. ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசு. கார்ப்பரேட்டரக் கழட்டிக் கழுவி மாட்டினாரு. ஷெட்டுலேர்ந்து கிளம்பறப்ப வண்டி தேனா ஓடுச்சாம்.

சாயங்காலம் ஏரிக்கரை... நின்னுருச்சு.

அதுல என்னான்னா, வேற எங்கயும் நிக்கல. மேட்டுல நிக்கல, டிராபிக்ல நிக்கல. ஒரு தடவை கிருஷ்ணகிரிக்குக் கல்யாணத்துக்குப் போனாங்க. ஹைவேயில நல்லா போயிட்டிருந்த வண்டி, ரோட்டோரமா ஒரு ஏரி வந்துச்சு பாருங்க... அங்க நின்னுச்சு. சென்றாயனுக்கு அப்பதான் புரிஞ்சுது. தண்ணியப் பார்த்தா நிக்குது வண்டி. ஆனா பொண்டாட்டிகிட்ட சொல்லல. சொன்னா பயந்துக்குவா, வேலைய விட்டுருவா. அவ சம்பளத்துலதான் வீடே ஓடுது.

மறுபடி ரத்தினவேல் ஷெட்டு. இந்தத் தடவை டேங்க்குக்குக் கீழ ஒரு பக்கெட்ட வெச்சு பெட்ரோல வடிச்சாங்க. வந்தது பாதிக்கு மேல தண்ணி. பச்சையா... நூல் நூலா பாசியோட.

"பங்க்ல கலந்திருப்பாங்களோ?"ன்னு கேட்டாரு சென்றாயன்.

ரத்தினவேல் பக்கெட்டக் கீழ வெச்சாரு. போய்ப் பின் சீட்டத் தூக்கினாரு. சீட்டுக்கு அடியில ஸ்பிரிங் சந்துல எல்லாம் காஞ்ச சேறு. கையில சுரண்டினா உதிருது. அதுக்குள்ள சின்னச் சின்ன நத்தை ஓடு.

"இது தண்ணிக்குள்ள கிடந்த வண்டிடா," அப்படின்னாரு. "ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. ரொம்ப நாள் கிடந்திருக்குது. யாருகிட்டடா வாங்கின?"

அப்பதான் சென்றாயனுக்கு அது ஞாபகம் வந்துச்சு. வண்டி கொடுத்தாரே ஆனேக்கல்காரர், அவரு வண்டியப் பத்தி ஒரு வார்த்தை பேசல. பேரம் கூட பேசல. சாவியக் கையில வெச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாராம், கன்னடத்துல.

"நிம்மூரல்லி கெரெ இதியா?"

உங்க ஊர்ல ஏரி இருக்குதான்னு. விவசாயிக்கு விவசாயி கேக்கற கேள்விதானேன்னு நினைச்சு, "இதெ, இதெ. ஈ வருஷ தும்பிதெ"ன்னு சந்தோசமா சொல்லியிருக்காரு இவரு. இருக்குது, இந்த வருசம் நிறைஞ்சிருக்குதுன்னு. அதைக் கேட்டதும் அந்தாளு சாவியக் கொடுத்துட்டு உள்ள போயிட்டாரு. டீ சாப்பிடுங்கன்னு கூடச் சொல்லல. உள்ளாரேர்ந்து ஒரு பொம்பள அழுவற சத்தம் மட்டும் கேட்டுச்சாம்.

ஷெட்டுலேர்ந்தே அந்த ஆனேக்கல்காரர் நம்பருக்குப் போன் போட்டாரு. ஸ்விட்ச் ஆஃப்.

"டேங்க மாத்திரலாம்"னாரு ரத்தினவேல். "டேங்க், லைன், எல்லாத்தையும். பழசு ஒண்ணு கூட இருக்க வேணாம்."

பழைய டேங்க இறக்கினாங்க. வடிச்ச டேங்க் அது. ஒரு ஆளு சுலபமா தூக்கலாம். ரெண்டு பேரு சேர்ந்தும் மூச்சு வாங்குச்சாம். உள்ள என்னதான் இருக்குதுன்னு வெட்டிப் பார்க்கலாம்னு ரத்தினவேலுக்குத் தோணுச்சு. பெட்ரோல் டேங்க அப்படியே வெட்டினா வெடிச்சுரும். தண்ணி நிரப்பிட்டுத்தான் வெட்டுவாங்க. அதனால குழாய்ல ஹோஸ மாட்டி டேங்க் வாயில விட்டுட்டு ரெண்டு பேரும் டீக்கடைக்குப் போனாங்க.

டீ குடிச்சுட்டு வந்தாங்க. நிறையல.

பேசிக்கிட்டே நின்னாங்க. நிறையல. அடியில ஒழுவுதான்னு கையால தடவிப் பார்த்தாரு ரத்தினவேல். காஞ்சு கிடக்குது. மேல வெச்சிருந்த சின்டெக்ஸ் தொட்டி காலியாகி ஹோஸ்ல காத்து வருது... டேங்க் நிறையல. உள்ள அந்தச் சத்தம் மட்டும். களக்... களக்...

ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. சரின்னு டேங்கக் கவுத்தாங்க.

ஒரு சொட்டு வரல.

ரத்தினவேல் அதை வெட்டல. ஷெட்டுக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போய்ப் போட்டுட்டு வந்து கைய ரொம்ப நேரம் சோப்பு போட்டுக் கழுவினாராம்.

புது டேங்க் வந்துச்சு. பெயிண்ட் வாசனை கூடப் போகாத டேங்க். டேங்க்லேர்ந்து எஞ்சின் வரைக்கும் புதுக் குழாய். பெட்ரோல் அளக்கற மிதவை, மூடி, மூடி மேல ரப்பர் வாஷர் வரைக்கும் புதுசு. சேறு பூரா கழுவியாச்சு, சீட் துணி மாத்தியாச்சு. தேன்கனிக்கோட்டையில ஒரு கோயில் வாசல்ல நிறுத்தி எலுமிச்சம்பழம் நசுக்கி, பொட்டு வெச்சு ஓட்டிட்டு வந்தாரு.

அதுக்கப்புறம் வண்டி நிக்கவே இல்லடி. ஏரிக்கரை மேல சல்லுனு போவும். ஜெயப்ரியா கூட, "இப்பதான் மாமா கார்ல போற மாதிரி இருக்குது"ன்னு சிரிச்சாளாம். பஸ் இறங்கினா கார்ல வந்து வெயிட் பண்ற புருசன். கூட வேலை செய்யறவங்க எல்லாம் கேலி பண்ணுவாங்களாம். இவருக்கும் நெஞ்சுல இருந்த பாரம் இறங்கிருச்சு. அந்தச் சேறு, நத்தை ஓடு, ஆனேக்கல்காரர் கேட்ட கேள்வி... இதெல்லாம் அவகிட்ட சொல்லவே இல்ல. எதுக்கோசரம் சொல்லணும், அதான் சரியாயிருச்சேன்னு.

ஐப்பசி மழை பிடிச்சுது. ஏரி ரொம்பி, தண்ணி கரையத் தொட்டுக்கிட்டு நிக்குது.

நான் மொதல்ல சொன்னேன் பாருங்க, அந்த சாயங்காலம் இதுதான்.

மழை விட்டு சிலுசிலுன்னு காத்து. அவளக் கூட்டிட்டு வராரு. இவரு சைடுல ஏரி, அவ சைடுல கொல்லை. கரையில பாதி தூரம் வந்திருப்பாங்க. எஞ்சின் இருமக்கூட இல்ல. யாரோ கையால பொத்தின மாதிரி... நின்னுச்சு.

பெட்ரோல் முள்ளப் பார்த்தாரு. டேங்க் முக்காவாசி இருக்குது.

"என்ன மாமா, மறுபடியுமா?"

இவரு கண்ணு முன்னாடி ரோட்டு மேல. லைட்டு வெளிச்சத்துல என்னமோ நகருது. மரம்னு நினைச்சாரு. மரம் இல்ல... காலு. ஆனைக்கூட்டம். கொல்லைப் பக்கமிருந்து கரை மேல ஏறிக்கிட்டு இருக்குது. குட்டியும் இருக்குது. குட்டி கூட இருந்தா ஆனைக்குக் கோவம் ஜாஸ்தி, தெரியும்ல.

லைட்ட அணைச்சாரு. சத்தம் போடாதன்னு மெதுவாச் சொன்னாரு. ரெண்டு பேரும் மூச்சப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தாங்க. பின்னாடி அந்தச் சத்தம் ஆரம்பிச்சுது. களக்... களக்... புது டேங்க்லடி.

பெரிய ஆனை ஒண்ணு மட்டும் கிட்ட வந்துச்சு. வண்டிய ஒட்டியே நடந்து, கொல்லை ஓரமா பின்னாடி போச்சு. அதோட உடம்பு கண்ணாடிய மறைச்சுருச்சாம், அவ்வளவு கிட்ட. டிக்கிப் பக்கம் நின்னுச்சு. தும்பிக்கைய டேங்க் மூடி மேல வெச்சு மோந்துச்சு. புஸ்... புஸ்...னு மூச்சு. சாதாரணமா ஆனை வண்டிய மோந்தா ஒண்ணு தட்டும், இல்ல விட்டுட்டுப் போயிரும். இது ரெண்டும் செய்யல. அப்படியே நின்ன இடத்துல மூத்திரம் பேஞ்சுச்சு. பயத்துல. அப்புறம் பின்னாடியே... திரும்பாம பின்னாடியே நடந்து கொல்லையில இறங்கிருச்சு. அது போனதும் மொத்தக் கூட்டமும் போயிருச்சு. தண்ணி குடிக்க வந்த கூட்டம், ஏரிய ஏறெடுத்துப் பார்க்கல. ஒண்ணு கூட பிளிறல.

"போயிருச்சு மாமா," அப்படின்னு ஜெயப்ரியா பெருமூச்சு விட்டா.

அப்ப வண்டி நகர்ந்துச்சு.

எஞ்சின் ஓடல. ஹாண்ட்பிரேக் போட்டிருக்குது. சமதளம்டி அந்தக் கரை. வண்டி மெதுவா... ஆள் தள்ளற வேகத்துல முன்னாடி போவுது. பிரேக்க மிதிச்சாரு. கால் சேத்துல மிதிச்ச மாதிரி அடி வரைக்கும் போவுது, வண்டி நிக்கல. ஸ்டீரிங் அவரு கையிலேயே வலது பக்கமாத் திரும்புது. ஏரிப் பக்கமா. பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பிடிச்சாராம். ரெண்டு பேர் எதிர்ப் பக்கம் பிடிச்சுத் திருப்பற பலம்.

"இறங்கு ப்ரியா. குதி."

அவ கதவுப் பிடிய இழுக்கறா. வரல. மறுபடி இழுக்கறா. வரல. முன் சக்கரம் கரையத் தாண்டி, வண்டி மூக்கு தண்ணியப் பார்த்துச் சாய்ஞ்சுது. இவரு ஸ்டீரிங்க விட்டுட்டு அவ பக்கம் பாய்ஞ்சாரு, அதுக்குள்ள அவ கதவு திறந்து அவ வெளிய போய் விழுந்தா. இவரு தன் கதவ எட்டித் தள்ளித் தண்ணியிலேயே குதிச்சாரு. கழுத்தளவுத் தண்ணி. வேலங்கிளையப் பிடிச்சுக் கரையேறித் திரும்பிப் பார்த்தா...

ரெண்டு கதவும் சாத்தியிருக்குது.

வண்டி அவசரமே இல்லாம உள்ள போவுது. உள் லைட்டு எரியுது. யாரும் போடல. கூரை முழுகிருச்சு, அந்த மஞ்ச வெளிச்சம் மட்டும் தண்ணிக்கு அடியில தெரியுது. அப்பதான் கேட்டுச்சாம்... தண்ணிக்குள்ளேர்ந்து எஞ்சின் ஸ்டார்ட் ஆவற சத்தம். ஒரு தடவையில பிடிச்சுருச்சு. கியர் மாத்தற மாதிரி சத்தம் மாறுது. தூரமாப் போவுது... தூரமாப் போவுது... அப்புறம் வெளிச்சமும் போயிருச்சு.

வீட்டுக்கு வந்து அவளுக்குத் துணி மாத்த எடுத்துக் கொடுத்தாரு. அவ தண்ணியில விழவே இல்ல, கரை மேலதான் விழுந்தா. ஆனா கம்பெனி ஓவர்கோட்டு முதுகுல மட்டும் நனைஞ்சிருக்குது. பாசி ஒட்டியிருக்குது.

"நீங்கதானே மாமா என்னத் தள்ளுனது?"

"நான் எங்கடி தள்ளுனேன்? நான் உன்னத் தொடவே இல்ல."

அவ ஓவர்கோட்டத் திருப்பி அந்தப் பாசியத் தொட்டுப் பார்த்தா. அப்புறம் சொன்னா, பின் சீட்டுலேர்ந்து ஒரு கை முதுகுல வெச்சுச்சுன்னு. சில்லுனு. காதுகிட்ட ஒரு பொம்பளக் குரலு, "இளி... இளி தாயீ"ன்னு சொல்லுச்சாம். கன்னடத்துல. இறங்கு தாயின்னு. சொல்லிட்டுத்தான் தள்ளுச்சாம்.

அன்னைக்கு ராத்திரிதான் சென்றாயன் எல்லாத்தையும் அவகிட்ட சொன்னாரு. சேறு, டேங்க், ஆனேக்கல்காரர்... எல்லாம். அவ அழுவல, கத்தல. "தெரிஞ்சே என்ன அதுல உக்கார வெச்சீங்களா?"ன்னு மட்டும் கேட்டாளாம். அதுக்கப்புறம் ரொம்ப நாளு அவருகிட்ட அவ பேசல.

மறுநாள் கிரேன் வெச்சு வண்டிய எடுத்தாங்க. ரத்தினவேலும் வந்திருந்தாரு. கரையேத்தி நிறுத்தினதும் எல்லாரும் சுத்தி நிக்கறப்ப, மொத வேலையா டேங்க் அடியில இருக்கற திருகாணியக் கழட்டினாரு. ராத்திரி பூரா ஏரிக்குள்ள கிடந்த வண்டி. டேங்க்லேர்ந்து சுத்தமான பெட்ரோல் வந்துச்சு. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல.

இதுல கிரேன்காரர் இன்னொண்ணு சொன்னாராம். வண்டி இறங்கின இடத்துல இல்லையாம். எதிர்க்கரையப் பார்த்தாப்புல, மதகுக்குக் கிட்ட நின்னுச்சாம். அந்த மதகுக்குப் பக்கத்துலதான் கெம்பம்மாங்கற பொம்பளையோட வீடு. ஆடு வளர்க்கறவங்க. வண்டி ஏரியில இறங்கினதப் பார்த்து ஊருக்குள்ள ஓடிப் போய்ச் சொன்னதே அவங்கதான். கார்ல இருந்தவங்கள எல்லாம் ஏரி கொண்டு போயிருச்சுன்னு சொல்லித்தான் ஃபயர் சர்வீஸே வந்துச்சு. சென்றாயன் போய், "நாங்க ரெண்டு பேருதாங்க, ரெண்டு பேரும் வெளிய வந்துட்டோம்"னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தாரு. கெம்பம்மா ஒத்துக்கல. கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணாங்க. அவங்க சொன்னதுக்காகவே மறுநாளும் ஏரியில ஆளத் தேடினாங்க. ஒருத்தரும் கிடைக்கல.

மோகனா அவங்களப் போய்ப் பார்த்திருக்கா. என்னதான் பார்த்தீங்கன்னு கேட்டிருக்கா.

வண்டி அவங்க கரைப் பக்கம் வந்துச்சாம். தண்ணிக்கு அடியில, உள்ள லைட்டு எரியறதால எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுதாம். பின் சீட்டுல ஒரு புருசன், பொண்டாட்டி, நடுவுல ஒரு குழந்தை. யாரும் கத்தல, கதவத் தட்டல. அந்தப் பொம்பள குழந்தைக்கு முந்தானையால தலையத் துவட்டிக்கிட்டு இருந்தாளாம். ஜன்னல் ஓரமா இருந்த ஆளு... மழைச் சாரல் அடிச்சா நாம செய்வோம்ல... கைப்பிடியச் சுத்திச் சுத்தி, மெதுவா கண்ணாடிய ஏத்திக்கிட்டு இருந்தாராம்.